இல்லாத சித்தியின் மகள்

ஓட்டுப்பெட்டி என்ற பேர் எங்கள் காதில் முதலில் விழுந்தது ஒரு வீடு மாறிய நாளில். கடைக்குட்டியின் குடும்பம் ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்குப் போனது. கடைக்குட்டி என்றால் எங்கள் வீட்டுப் பிறப்பில் கடைசிப் பெண். மேலே நாலு அண்ணன், ரெண்டு அக்கா, அப்புறம் அவள். அவளோடு சரி. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கட்டிலும் பாத்திரமும் வாசலில் கிடக்க, சன்னல் வைத்த அறை யாருக்கு என்று உள்ளே பெரிய தகராறு. கடைக்குட்டியின் மகளுக்கு அப்போது ஏழு வயசு, முன்பல் ரெண்டும் விழுந்திருந்தது. ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் கத்தியால் கீறல் போட்டாள். நோட்டுத்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, சாமான் இறக்க வந்த ஆள்வரைக்கும் எல்லார் கையிலும் ஒரு சீட்டைத் திணித்தாள்.

"யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. எழுதி மடிச்சுப் போடணும்."

"வந்துட்டா பாரு ஓட்டுப்பெட்டி!" என்றார் அவள் அப்பா. பஸ் ஓட்டுகிறவர், எதையும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். பேர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

எண்ணிப் பார்த்ததில் அறை அவள் தம்பிக்குப் போனது. அவளுக்கு விழுந்தது ஒரே ஓட்டு, அதுவும் அவள் போட்டது. பிள்ளை அழுது ஊரைக் கூட்டும் என்று பார்த்தால், "தோத்துட்டேன். ஆனா அடுத்த வருஷம் மறுபடி வைக்கணும்" என்று தலையணையை இடுக்கிக்கொண்டு இருட்டு அறைக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷமும் வைத்தாள், தோற்றாள். மூன்றாம் வருஷம் ஜெயித்தாள்.

படிப்பிலும் அதே கதைதான். அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "எதுக்குடி, மந்திரியாகப் போறியா?" என்று கேட்காத மாமன் இல்லை. "மந்திரி எப்படி மந்திரியாகறான்னு சொல்லிக் கொடுக்கப் போறேன் மாமா" என்பாள். சொன்னபடி முனைவர் பட்டம் வாங்கி, ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தாள்.

மூக்குக்கண்ணாடியின் காது ஒடிந்துபோய் ஒரு கடைக்குப் போனாள். கடையை நடத்தியவள் ஒரு பெண், சொந்தமாகக் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவள். வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். "இதை எத்தனை தடவை பசை போட்டு ஒட்டியிருக்கீங்க?"

"நாலு."

"அஞ்சாவது தடவை ஒட்டறதுக்குக் காது மிச்சமில்ல. உட்காருங்க."

உட்கார்ந்தவள் எழுந்து வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்துக்குள் கண்ணாடிக்கடைக்கு மேல் மாடியில் இருவரும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை. சாப்பாட்டு மேசையில் பாதிக்கு விடைத்தாள், பாதிக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள். எங்கள் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதை மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் மருத்துவ அட்டைக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது, அவர் உங்களுக்கு என்ன உறவு? ஓட்டுப்பெட்டி கண்ணாடிக்காரியின் பேரை எழுதினாள். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பின்னால் வரிசை நீளம், மேசை எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். 'சித்தி மகள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாலு வருஷம் கழித்து அவளுக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை. கடைக்குட்டி ஓடிவந்தாள். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நர்ஸ், கண்ணாடிக்காரியைக் காட்டி, "இவங்கதான் உங்க தங்கச்சி பொண்ணாம்மா?" என்றாள்.

கடைக்குட்டி ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் கண்ணாடிக்காரியைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. என் தங்கச்சி மகதான். ராத்திரிப் பூரா கண்ணு மூடல பாவம், அவளுக்கு ஒரு நாற்காலி போடு."

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் குனிந்து மகள் காதில் சொன்னாள், "நான்தான்டி கடைசி. எனக்குத் தங்கச்சி ஏது?"

தையல் பிரியும் அளவுக்குச் சிரிப்பு வந்தது ஓட்டுப்பெட்டிக்கு. சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர். அது வலியால் வந்தது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அவள் பாடத்தில் ஒரு புதுத் தாளைத் தொடங்கினாள். 'பால்புதுமையினர் அரசியலும் குடும்பச் சட்டமும்' என்று பேர். முதலில் சொல்லிப் பார்த்தபோது எங்கள் நாக்கு சுளுக்கிக்கொண்டது. ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சேர்ந்து வாழ்கிறவர்கள், பிறந்தபோது எழுதிய பாலினத்தில் நிற்காதவர்கள், இவர்களைச் சட்டம் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதுதான் பாடம். முதல் வகுப்பில் அவள் அந்தப் பழைய பிஸ்கட் டின்னைச் சுற்றில் விட்டாள். "உங்க குடும்பத்துல யார் யார்னு எழுதிப் போடுங்க. உங்க பேர் வேண்டாம்." பிறகு அரசாங்கப் படிவத்தில் இருக்கிற கட்டங்களைப் பலகையில் வரைந்து, சீட்டுகளைப் பிரித்து வாசித்தாள். 'எதிர்வீட்டு ஆன்ட்டி, அவங்கதான் வளர்த்தாங்க' என்று ஒரு சீட்டு. 'அப்பாவைத் தவிர எல்லாரும்' என்று ஒன்று. இன்னொன்றில் நாயின் பேர்.

"யார் குடும்பம்னு நாம ஒண்ணு நினைக்கறோம். அரசாங்கம் ஒண்ணு நினைக்குது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான் அரசியல் நடக்குது" என்றாள்.

"அப்போ நாய்க்கு ஓட்டு உண்டா மேடம்?"

"கேட்டுட்டு வந்து சொல்லு."

ஒரு வருஷம் சோதனையாக நடத்தலாம், அதற்கப்புறம் கல்விக்குழு கூடி, தாள் இருக்கட்டுமா போகட்டுமா என்று ஓட்டெடுக்கும். அதுதான் ஏற்பாடு. தாள் போனால் கூடவே ஆராய்ச்சியும் போகும். கோர்ட் ஆவண அறைக்குள் அவளை விடுவதே அந்தத் தாளின் பேரில் கல்லூரி கொடுத்த கடிதத்தால்தான்.

ஆவண அறை கோர்ட்டின் அடித்தளத்தில் இருந்தது. இரும்பு அலமாரிகள், சுருக்குக் கயிறு போட்ட கட்டுகள், ஒரு மின்விசிறி, அதைப் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை தாளில் விழும். நாற்பது வருஷத்து மனுக்கள். ஒருவர் செத்த பிறகு, கூட வாழ்ந்தவர் வந்து, இந்த வீட்டில் என்னை இருக்கவிடுங்கள், உடலை என்னிடம் கொடுங்கள் என்று கேட்ட மனுக்களை அவள் பிரித்தாள். 'நண்பர்' என்று எழுதியிருந்தவற்றை ஒரு பக்கம் வைத்தாள். 'உறவினர்' என்று எழுதியிருந்தவற்றை, இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லை என்று கட்டி ஒதுக்கினாள். எட்டு மாதத்தில் கையில் தேறியது பதினொரு மனு.

துறைத்தலைவர் முகத்தைச் சுளித்தார். கெட்டவர் இல்லை, ஆனால் கூட்டத்தில் தலைகுனியப் பிரியமில்லாதவர். "நாற்பது வருஷத்துக்குப் பதினொண்ணா? இது ஆராய்ச்சி இல்லம்மா, தற்செயல். கல்விக்குழுவுல இதை நீட்டினா ரெண்டு நிமிஷத்துல மூடிடுவாங்க. நீயா வாபஸ் வாங்கிட்டா கௌரவமா இருக்கும்."

"தோத்தாலும் ஓட்டெடுத்துத் தோக்கறேன் சார்" என்றாள்.

கூட்டத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. ஒதுக்கிய கட்டுகளை அலமாரியில் திருப்பி வைக்கும்போது ஒரு கட்டு அவிழ்ந்து தரையில் சிதறியது. பொறுக்கும்போது ஒரு மனு கண்ணில் பட்டது. ஒரு தையல்காரி போட்டது. இறந்தவள் தன் பெரியப்பா மகள், இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், அந்த வீட்டைவிட்டு என்னை அனுப்ப வேண்டாம் என்று கேட்டிருந்தாள். கூடவே தன் அப்பாவின் பழைய வீட்டுப் பத்திரத்தை இணைத்திருந்தாள். அதில் அப்பாவைப் பற்றி ஒரு வரி: 'இன்னாரின் மூத்த மகன்.'

ஓட்டுப்பெட்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூத்த மகனுக்கு அண்ணன் ஏது? அண்ணன் இல்லாதவர் மகளுக்குப் பெரியப்பா ஏது? கடைக்குட்டியின் குரல் அப்படியே காதில் கேட்டது. நான்தான்டி கடைசி, எனக்குத் தங்கச்சி ஏது?

எட்டு மாதமாக, தான் தேடிய ஆட்களையே தன் கையால் கட்டி ஒதுக்கியிருக்கிறாள். அதுவும் யார்? படிவத்தில் இதே வேலையைத் தானே செய்தவள்!

"எல்லாக் கட்டையும் மறுபடி இறக்கணும்" என்றாள் ஆவண அறை எழுத்தரிடம்.

"உறவுக்காரங்க கட்டையா? நானூத்துச் சொச்சம் இருக்கு மேடம். என் முதுகு ஒண்ணுதான் இருக்கு."

"நான் இறக்கறேன். நீங்க மின்விசிறியை மட்டும் பார்த்துக்கோங்க."

ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு தாளில் உறவுமரம் வரைந்தாள். அப்பன் யார், அவனுக்கு எத்தனை பேர், யார் மூத்தவர், யார் இளையவர். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன் என்று நம் பேச்சில் ஆளுக்கு ஒரு இடம் உண்டல்லவா, அந்த இடத்தில் ஆள் இல்லையென்றால் உடனே பல்லிளித்துவிடும். கூடப்பிறந்த அண்ணன் என்று ஒருவர் எழுதியிருந்தார், பிறந்த தேதியைப் பார்த்தால் இருவருக்கும் ஐந்து மாதம்தான் வித்தியாசம். எழுத்தர் எட்டிப் பார்த்து, "அந்த அம்மா பாவம் மேடம், மூச்சுவிட நேரமில்லாமப் பெத்திருக்காங்க" என்றார். அன்றிலிருந்து அவரே கட்டுகளை இறக்க ஆரம்பித்தார். முதுகு எப்படியோ சரியாகிவிட்டது.

கணக்கு இடித்தவை நூற்றுப்பதினெட்டு. அதில் ஒன்றுவிட்ட உறவாக இருக்கலாம் என்று தோன்றியதையெல்லாம் தயவுதாட்சண்யம் பார்க்காமல் நீக்கினாள். அப்படியும் எழுபத்தொன்று நின்றது.

அவர்களில் உயிரோடு இருக்கிறவர்களைத் தேடிப் போனாள், முதலில் அந்தத் தையல்காரியிடம். வீடு பறிபோய், ஒரு துணிக்கடையின் பின்னறையில் மிஷினோடு இருந்தாள். வயசு எழுபது தாண்டியிருக்கும். வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் அறுத்தாள்.

"பொய் சொன்னேன்னு எழுதப் போறியா?"

"சட்டத்துல உண்மைக்கு இடமில்லன்னு எழுதப் போறேன்."

"என்ன வித்தியாசம்? கோர்ட்டுல யார் நீன்னு கேட்டாங்க. எது சொன்னா உள்ள விடுவாங்களோ அதைச் சொன்னேன். அப்படியும் விடல." மிஷினை ஒரு சுற்று சுற்றி நிறுத்தினாள். "உனக்கு ஆள் இருக்கா?"

"இருக்காங்க. கண்ணாடிக்கடை."

"உன் காகிதத்துல அவளை என்னன்னு எழுதியிருக்க?"

"சித்தி மகள்" என்றாள் ஓட்டுப்பெட்டி.

தையல்காரி சிரிக்கவில்லை. "முதல்ல அதைச் சரி பண்ணு. அப்புறம் என் கதையைக் கொண்டுபோய் யார்கிட்ட வேணா படி."

வழியெல்லாம் அதே யோசனை. படிவத்தில் தெரிந்தே தப்பான தகவல் கொடுத்தால் வேலையைவிட்டே நீக்கலாம் என்று அதே படிவத்தின் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. திருத்தினால் தானே போய் மாட்டிக்கொள்கிற மாதிரி. திருத்தாமல் கூட்டத்தில் பேசினாலோ, எழுபத்தொரு பேர் மூடியதைத் திறந்துவிட்டு, தன்னுடையதை மட்டும் மூடி வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. கடைக்குள் நுழையும்போதே முடிவுக்கு வந்துவிட்டாள். ஆனால் முடிவெடுக்க அவள் ஒருத்தி மட்டும் போதாது.

கண்ணாடிக்காரி கல்லில் கண்ணாடி தேய்த்துக்கொண்டே முழுசும் கேட்டாள். "அந்தக் காகிதத்துல இருக்கறது என் பேரு. நாளைக்குக் கடைக்கு வர்றவன் என்ன சொல்வான்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். அதான் கேக்கறேன். நீ வேண்டாம்னா திருத்த மாட்டேன். தாளையும் வாபஸ் வாங்கிடறேன்."

"ஓஹோ, பழியை என் தலையில கட்டறியா? டின்னை எடு."

"ரெண்டு பேர் போடற ஓட்டுல என்ன ரகசியம் இருக்கு?"

"எடுடீன்னா."

இரண்டு சீட்டு எழுதி மடித்துப் போட்டார்கள். கண்ணாடிக்காரிதான் பிரித்தாள். ஒன்றில் 'திருத்தணும்' என்று இருந்தது. இன்னொன்றில், அவள் கையெழுத்தில், 'எழுதின மறுநாளே திருத்தியிருக்கணும், கழுதை' என்று இருந்தது.

கடைக்குட்டிக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"அப்போ என் தங்கச்சி செத்துட்டாளா?"

"ஆமாம்மா."

"நல்ல பொம்பளை. பொறக்கவும் இல்ல, யார் வம்புக்கும் போகல." பெருமூச்சு விட்டாள். "உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சொன்னா அவர் கத்தற கத்தல்ல தெருவுக்கே தெரியும்."

"தெரியட்டும்மா."

"சரி, அப்போ நீயே சொல்லு."

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், தன் பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி, 'சித்தி மகள்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'வாழ்க்கைத் துணை' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். அங்கிருந்த எழுத்தர் திரும்பத் திரும்ப வாசித்தார். "மேடம், இதை நான் மேல அனுப்பியாகணும்."

"அதுக்குத்தான் கொடுத்தேன்."

கல்விக்குழுவில் பதினேழு பேர். அவள் உறவுமரங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். சட்டத்துறையின் மூத்த பேராசிரியர் கையைத் தூக்கினார். முப்பது வருஷம் குறுக்கு விசாரணை சொல்லிக்கொடுத்தவர்.

"கோர்ட்டுல நிக்கறவன் பதட்டத்துல உறவு மாத்திச் சொல்லலாம். ஒன்றுவிட்ட பெரியப்பாவா இருக்கலாம்."

"அப்படி இருக்கக்கூடிய நாற்பத்தேழையும் எடுத்துட்டேன் சார். இது மிச்சம்."

"மிச்சமும் நீங்க நினைக்கற காரணத்துக்குத்தான் பொய் சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்?"

"எழுபத்தொண்ணும் அதுக்குத்தான்னு நான் சொல்லல. உயிரோட இருக்கறவங்கள்ல ஏழு பேர் அவங்க வாயால சொன்னாங்க. எட்டாவது ஆள் நான்." திருத்திய படிவத்தின் நகலை மேசையில் வைத்தாள். "என்கூட வாழறவங்களைச் சித்தி மகள்னு எழுதிக் கொடுத்தேன். எங்கம்மா வீட்டுல கடைசி. அவங்களுக்குத் தங்கை கிடையாது."

பேராசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். விடுகிற ஆள் இல்லை. "உங்கம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை இருக்கலாமே?"

"மூணு பேர் இருக்காங்க சார். மூணு பேருக்கும் பையன்கள்தான்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். அந்தச் சிரிப்பு அவளைப் பார்த்துச் சிரித்தது இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

முதல்வர் அம்மா, "சரி, கை தூக்குங்க" என்றார். அப்போதுதான் அவள் இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். "ரகசிய ஓட்டு கேக்கறதுக்கு விதியில இடம் இருக்கு மேடம், பன்னிரண்டாவது பிரிவு."

"இப்போ பெட்டிக்கு எங்க போறது?"

பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

"பிஸ்கட் டின்னா?"

"காலிதான் மேடம். வேணும்னா குலுக்கிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தபோது ஒன்பதுக்கு எட்டு. தாள் நின்றது. துறைத்தலைவர் எந்தப் பக்கம் போட்டார் என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவளுக்குத் தன் அறையிலிருந்து ஒரு நல்ல நாற்காலியை அனுப்பி வைத்தார், அவ்வளவுதான்.

படிவத்தை மேலிடம் சும்மா விடவில்லை. விசாரணை வைத்தார்கள். வேலை போகவில்லை. எழுத்தில் கண்டனம், தேர்வுப் பொறுப்பிலிருந்து இரண்டு வருஷம் நீக்கம். படிவம் திரும்பி வந்தது, 'பட்டியலில் இல்லாத உறவு' என்று சிவப்பு மையில் குறிப்போடு. மறுபடி எழுதி அனுப்பினாள், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அதை எடுத்துக்கொண்டு, அடித்தளத்தில் ஆவண அறை இருக்கிற அதே கோர்ட்டில், மேல்மாடிக்குப் போய் வழக்குப் போட்டாள். மனுவில் தையல்காரி இரண்டாவது சாட்சி. முதல் சாட்சி கடைக்குட்டி. தனக்குத் தங்கை கிடையாது என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

கண்ணாடிக்கடைக்கு வருவதை மூன்று பேர் நிறுத்தினார்கள். ஒருவர் ஆறு மாதத்தில் திரும்பி வந்தார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு சரியாகப் பார்வைக்குப் பொருத்துகிற ஆள் வேறு இல்லை.

ஓட்டுப்பெட்டிக்கு இப்போது நாற்பத்தொன்பது வயசு. அதே கல்லூரியில் இரண்டாம் மாடியில் அதே தாளை ஆறாவது வருஷமாக நடத்துகிறாள். இந்த வருஷம் முப்பத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். கண்ணாடிக்கடைக்கு மேல் அதே மாடியில் இருவரும் இருக்கிறார்கள். வழக்கு அடுத்த மாதம் பதினான்காம் தேதிக்கு வருகிறது.